தையல் அறை நாற்காலி

அண்ணனைக் கட்டியவளைப் பெரியவள் என்றும் தம்பியைக் கட்டியவளைச் சின்னவள் என்றும் மாமியார் கூப்பிட ஆரம்பித்தாள். மாமியார் போய்ச் சேர்ந்து பல வருஷமாகியும் வீட்டிலும் வேலையிடத்திலும் அந்தப் பெயர்களே நின்றுவிட்டன. உண்மையில் இருவருக்கும் ஏழு மாத வித்தியாசம்தான். கீழ்வீட்டில் பெரியவள், மாடியில் சின்னவள். நடுவில் பத்தொன்பது படிகள்.

சின்னவள் மேல் பெரியவளுக்குக் கோபம் என்று எதுவும் கிடையாது. கோபமாக இருந்திருந்தால் என்றைக்காவது ஒருநாள் முற்றத்தில் நின்று நாலு வார்த்தை கத்தித் தீர்த்திருப்பாள். இருந்தது பொறாமை. அதை யாரிடம் போய்ச் சொல்வது? புருஷனிடம் சொன்னால் சிரிப்பார். சின்னவளிடமே சொல்ல முடியாது. அதனால் உள்ளேயே வைத்துக்கொண்டு, காலையில் எழுந்து பல் தேய்ப்பது போல அதையும் ஒரு வேலையாகச் செய்துவந்தாள்.

அது ஆரம்பித்த நாள் அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. முப்பத்தொரு வயசில் இருவரும் சேர்ந்துதான் அந்தச் சலவைக் கம்பெனிக்கு வேலை கேட்டுப் போனார்கள். நாலைந்து ஆஸ்பத்திரிகளும் பெரிய ஹோட்டல்களும் தங்கள் படுக்கை விரிப்பு, துண்டு, தலையணை உறை எல்லாவற்றையும் வெளுக்கக் கொடுக்கும் இடம். வாசலில் நின்ற சூப்பர்வைசர், "உங்க ரெண்டு பேர்ல தையல் யாருக்கு வரும்?" என்று கேட்டார். அந்த நேரம் பார்த்துப் பெரியவளுக்குத் தும்மல் வந்தது. ஒன்றல்ல, மூன்று. அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்து நிமிர்வதற்குள் சின்னவள், "எனக்கு வரும் சார்" என்று சொல்லி முடித்துவிட்டாள்.

"எனக்கும் வரும்" என்றாள் பெரியவள்.

"ஒருத்தர் போதும்மா" என்றார் அவர்.

சின்னவளுக்கு மெஷினில் கால் வைக்கச் சொல்லிக்கொடுத்ததே பெரியவள்தான். அதைச் சொல்ல அங்கே இடமில்லை. சின்னவள் தையல் அறைக்குப் போனாள். பெரியவளை உருளை அறைக்கு அனுப்பினார்கள்.

உருளை அறை என்றால், துவைத்துப் பிழிந்த விரிப்புகளை ஆவியில் கொதிக்கும் பெரிய இரும்பு உருளைகளுக்கு நடுவே விட்டு இஸ்திரி போடும் அறை. இந்தப் பக்கம் இரண்டு பேர் ஈர விரிப்பின் முனைகளைப் பிடித்து, கைகளைத் தோளுக்கு மேல் தூக்கி உதறி, சுருக்கமில்லாமல் உருளைக்குள் கொடுக்க வேண்டும். அந்தப் பக்கம் இரண்டு பேர் சூடாக வெளியே வருவதைப் பிடித்து மடித்து, குனிந்து வண்டியில் அடுக்க வேண்டும். தரை வெறும் சிமென்ட். எப்போதும் ஈரம். உட்கார ஒரு முக்காலி கிடையாது. உட்கார்ந்தால் கை எட்டாது என்று சொல்லிவிடுவார்கள். எட்டு மணி நேரத்தில் அரை மணி சாப்பாட்டுக்கு, பத்துப் பத்து நிமிஷம் டீக்கு. வருகிற புது ஆட்கள் மூன்று வாரத்தில் ஓடிவிடுவார்கள். உருளையில் பட்டு முன்கையில் விழும் சின்னச் சின்னத் தழும்புகளுக்கு அங்கே இருந்த பெண்கள் வைத்த பெயர் 'வளையல்'. பெரியவளுக்கு இரண்டு கையிலும் வளையல் நிறைய இருந்தது.

தையல் அறை சுவருக்கு அந்தப் பக்கம். கிழிந்த விரிப்புகளுக்கு ஒட்டுப் போட வேண்டும், ஆஸ்பத்திரி அடையாளத் துணி தைக்க வேண்டும், உறைகளுக்குப் பட்டன் வைக்க வேண்டும். ஜன்னல் உண்டு. நாலு மேசை, நாலு நாற்காலி. சின்னவளின் நாற்காலி முதுகு சாய்வது. அதன்மேல் ஒரு மெத்தை. காலுக்குக் கீழே ஒரு பலகை.

அந்த நாற்காலியைப் பெரியவள் எத்தனை தடவை பார்த்திருப்பாள் என்று கணக்கில்லை. கிழிந்த விரிப்புகளை மூட்டையாகக் கட்டிக் கொண்டுபோய்ப் போடும் சாக்கில் தினமும் ஒரு தடவை அந்த அறைக்குப் போவாள். சின்னவள் தலையைத் தூக்கி, "வாக்கா, ஒரு நிமிஷம் உக்காரேன்" என்பாள். பெரியவள் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. "வேலை கிடக்கு" என்று திரும்பிவிடுவாள்.

இருபத்தாறு வருஷம் அப்படியே ஓடிற்று.

ஐம்பத்தேழு வயசில் பெரியவளின் முட்டி இரண்டும் சொன்ன பேச்சுக் கேட்பதில்லை. கெண்டைக்காலில் நரம்பு நீலமாக முடிச்சு முடிச்சாகப் புடைத்துக்கொண்டிருந்தது. வேலை விட்டு வந்ததும் கட்டிலில் படுத்துக் காலைச் சுவரில் தூக்கி வைத்துக்கொள்வாள். அந்த நேரம் பார்த்துத்தான் சின்னவள் மாடி ஏறுவாள். டப் டப் டப் என்று பத்தொன்பது படியும் ஒரே ஓட்டம். மேலே போய் எதையாவது மறந்துவிட்டு மறுபடி இறங்குவாள். மறுபடி ஏறுவாள்.

"இவளுக்கு ஒரு தடவையில எல்லாத்தையும் எடுத்துட்டுப் போகத் தெரியாதா" என்பாள் பெரியவள்.

"ஓட முடியுது, ஓடுறா" என்பார் வாட்ச்மேன் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டோடு இருந்த அவள் புருஷன். "உனக்கென்ன வந்துச்சு."

அந்த வருஷம் கம்பெனியில் ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள். ஐம்பத்தெட்டில் ஓய்வு என்பதுதான் விதி. ஆனால் ஆள் கிடைப்பதில்லை என்பதால், விருப்பமுள்ளவர்கள் அறுபத்திரண்டு வரை வேலை பார்க்கலாம். கம்பெனி டாக்டர் பரிசோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். இடம் மாறுகிறவர்கள் புது இடத்துக்கு ஏற்றபடி மறுபடி பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

பெரியவளுக்குப் போக வேண்டும் என்றுதான் இருந்தது. நாள் முழுக்க வீட்டில் உட்கார்ந்து, பழைய செய்தித்தாளைச் சத்தமாகப் படிக்கும் புருஷனுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க அவளால் ஆகாது. அது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. இவள் வேலையை விட்டுவிட்டால், காலை ஏழரைக்குச் சின்னவள் பையை மாட்டிக்கொண்டு, "வர்றேங்க்கா" என்று சொல்லிவிட்டுப் போவாள். இவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தக் காட்சி நடக்கவே கூடாது என்று இருந்தது.

இருவரும் பெயர் கொடுத்தார்கள்.

டாக்டர், கம்பெனியின் மாடி அறைக்கு மாதம் ஒருமுறை வந்துபோகும் பெண். பெரியவளைத் தரையில் குந்தி எழுந்திருக்கச் சொன்னார். குந்தும்போதே முட்டியில் சுள்ளென்றது. எழும்போது மேசை விளிம்பைப் பிடித்தாள்.

"எவ்வளவு நாளா இப்படி?"

"ரெண்டு நாளாத்தான் டாக்டர். படியில இடறிட்டேன்."

டாக்டர் அவள் கெண்டைக்காலைப் பார்த்தார். ரெண்டு நாளில் வருகிற நரம்பு இல்லை அது என்று அவருக்குத் தெரியாதா? ஆனாலும் அதைச் சொல்லவில்லை. "மூணு மாசம் கழிச்சு வாங்கம்மா. அப்பவும் இப்படித்தான் இருந்தா என்னால கையெழுத்துப் போட முடியாது" என்றார்.

சின்னவள் உள்ளே போய்ப் பத்து நிமிஷத்தில் கையெழுத்தோடு வந்தாள்.

அன்று சாயங்காலம் கீழ்வீட்டில் டீ குடிக்கும்போது சின்னவள் சொன்னாள்: "டாக்டர் என்ன சொன்னாங்க தெரியுமாக்கா? உங்களுக்கு நாப்பது வயசு முட்டின்னாங்க." சொல்லிவிட்டுச் சிரித்தாள். அதில் கர்வம் எதுவும் இல்லை. நல்ல சேதியை வீட்டில் சொல்கிறவள் சிரிக்கிற சிரிப்புதான்.

"அவ உடம்பு வாகு அப்படி" என்றார் பெரியவளின் புருஷன். "உனக்கு அப்படி வாய்க்கலை. விடு."

உடம்பு வாகு. ராத்திரி முழுக்க, உருளைக்குள் போன விரிப்பு மாதிரி அந்த வார்த்தை திரும்பத் திரும்பச் சூடாக வந்துகொண்டே இருந்தது. ஏழு மாதம் மூத்தவள்தானே நான். கல்யாணமான புதுசில் தண்ணீர்க் குடத்தை ஒரே மூச்சில் மாடிக்குத் தூக்கியவள் நான். இவள் பாதிப் படியில் நின்று இளைப்பாறியவள். அப்போது எங்கே போயிற்று இந்த உடம்பு வாகு?

மறுநாள் மூட்டையோடு தையல் அறைக்குப் போனபோது ஒன்றைப் பார்த்தாள். சின்னவள் ஊசியை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, நூலை எச்சில் தொட்டு முறுக்கி, மூன்று தடவை முயன்றும் கோக்க முடியாமல், பக்கத்து மேசையில் பட்டன் தைக்கிறவளிடம் நீட்டினாள். பட்டன்காரி கோத்துக் கொடுத்தாள். இதைப் பெரியவள் முன்பும் பார்த்திருக்கிறாள். அன்றைக்குத்தான் அது மனசில் தங்கியது.

சூப்பர்வைசரைத் தள்ளுவண்டிகள் நிற்கும் நடையில் பிடித்தாள். இப்போது இருப்பவர் பழையவர் இல்லை. காதில் பேனா செருகியே இருப்பதால் பெண்கள் அவரைப் பேனா சார் என்பார்கள்.

"சார், ஒண்ணு சொல்லணும். என் ஓரகத்தியைப் பத்தி."

"சொல்லுங்க."

"அவளுக்குக் கண்ணு முன்ன மாதிரி இல்லை. நூல் கோக்கவே ஆள் தேடுறா. ஆஸ்பத்திரித் துணி, தப்பித் தவறி ஊசி உள்ளயே தங்கிடுச்சுன்னா..." அதற்குமேல் அவள் சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை. "நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க. வீட்டுல ஒரே கூரை."

பேனா சார் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "உங்களுக்கும் தையல் வருமில்ல?"

"வரும்" என்றாள். இருபத்தாறு வருஷம் தாமதமாக.

அந்த வாரமே அவர் தையல் அறையில் போய் நின்று பார்த்திருக்கிறார். திங்கட்கிழமை இருவரையும் இடம் மாற்றினார். "மூணு மாசம் பார்ப்போம். ஒத்து வந்தா வெச்சுக்கலாம்" என்றார். சின்னவள் தன் கத்தரியையும் ஊசிப் பெட்டியையும் பெரியவளிடம் கொடுத்தாள். கால் பலகையைக் காட்டி, "அது ஆடும்க்கா, கீழ ஒரு அட்டை மடிச்சு வெச்சுக்கோ" என்று மட்டும் சொன்னாள்.

முதல் நாள் பெரியவளுக்குக் காலை என்ன செய்வதென்றே தெரியவில்லை. நின்று நின்று பழகிய கால். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை எழுந்திருக்கப் பார்த்தாள். "எங்க போறே? உக்காரு" என்றாள் பட்டன்காரி. மத்தியானத்துக்குமேல் முதுகு மெதுவாகச் சாய்ந்தது. சாய்ந்த இடத்தில் நாற்காலி இருந்தது. இவ்வளவு நாள் இவள் இதில்தான் இருந்தாளா என்று நினைத்தபோது சந்தோஷம் வருவதற்குப் பதில் ஒரு ஆத்திரம்தான் வந்தது. கிடைத்த பிறகும் பொறாமையா என்று கேட்டால், ஆமாம். கையில் வந்த பிறகுதானே இத்தனை வருஷம் போனது எவ்வளவு என்று தெரிகிறது.

இன்னொன்றும் தெரிந்தது. அவளாலும் நூல் கோக்க முடியவில்லை.

முதலில் ஊசி சரியில்லை என்று நினைத்தாள். அப்புறம் நூல். கடைசியில் தலையைத் தூக்கிப் பார்த்தாள். மேசைக்கு நேர்மேலே இருந்த டியூப் லைட் எரியவில்லை.

"இது எவ்வளவு நாளா இப்படி?"

"ஒரு வருஷம் இருக்கும்" என்றாள் பட்டன்காரி. "சின்னவ ரெண்டு தடவை எழுதிக் கொடுத்தா. யாரு மாத்துறா?"

சின்னவளின் புருஷன் எலக்ட்ரீஷியன். ஊர் வீடுகளுக்கெல்லாம் விளக்குப் போட்டவன். பெண்டாட்டி இருட்டில் உட்கார்ந்து ஒட்டுப் போட்டிருக்கிறாள். பெரியவள் பேனா சாரிடம் போய் லைட்டை மாற்றச் சொன்னாள். ஆஸ்பத்திரித் துணி என்று அன்றைக்கு அவள் கிளப்பிவிட்ட பயம் இன்னும் அவருக்கு இருந்தது. இரண்டே நாளில் புது லைட் வந்தது. வெளிச்சத்தில் ஊசியின் காது பளிச்சென்று தெரிந்தது. போதாததற்குக் கடையில் ஒரு மூக்குக் கண்ணாடியும் வாங்கிக்கொண்டாள்.

நாலாவது வாரம் முடியும்போது அவள் கணுக்கால் வீக்கம் இறங்கியிருந்தது. ஆறாவது வாரம் ஒருநாள், மாடியில் காயப்போட்ட துணியை எடுக்கப் போனவள், மேலே போய்ச் சேர்ந்த பிறகுதான் கைப்பிடியைப் பிடிக்காமல் ஏறியதைக் கவனித்தாள். அந்த இடத்திலேயே நின்றாள். மறுபடி ஒருமுறை இறங்கி ஏறிப் பார்த்தாள். ஐம்பத்தேழு வயசுப் பெண் ஆளில்லாத நேரம் பார்த்துப் படியில் விளையாடினாள்.

அதே படியில் சின்னவளின் சத்தம் மாறிக்கொண்டே வந்தது. முதலில் ஓட்டம் நின்றது. பிறகு ஒரு படிக்கு இரண்டு கால் வைத்து ஏறும் சத்தம். பிறகு நடுவில், பத்தாவது படியில், ஒரு நிறுத்தம். கீழே கட்டிலில் உட்கார்ந்து பெரியவள் அந்த நிறுத்தத்தைக் கேட்டாள். பத்து எண்ணும்வரை. இருபது எண்ணும்வரை. உள்ளுக்குள் ஒரு குரல், இப்ப தெரியுதா என்றது. அந்தக் குரலை அவள் தடுக்கவில்லை. அது இனித்தது. பொய் சொல்வானேன்.

ஆனால் அந்த இனிப்பும் நிலைக்கவில்லை. உருளை அறையிலிருந்து சுவரைத் தாண்டிச் சிரிப்புச் சத்தம் வர ஆரம்பித்தது. சின்னவள் அங்கே போன பிறகு பெண்கள் சிரிக்கிறார்களாம். மடிக்கிற பக்கம் நிற்கும் உயரமான பெண்ணுக்கு விரிப்பை ஆட்டி ஆட்டிக் கொடுத்து, ஆவி பறக்கும்போது ஏதோ கதை சொல்கிறாளாம். முதல் வளையல் விழுந்த அன்று எல்லாரும் சேர்ந்து அவளுக்குக் களிம்பு பூசி, இனிப்பு வாங்கித் தின்றார்களாம். இருபத்தாறு வருஷம் அங்கே நின்றவள் பெரியவள். யாராவது அவளுக்காக ஒரு மிட்டாய் வாங்கியது உண்டா? நாற்காலி இவளிடம் வந்துவிட்டது. மனுஷர்கள் அவளிடம் போய்விட்டார்கள். இதற்கு என்ன செய்வது?

எட்டாவது வாரம் ஒரு சாயங்காலம் சின்னவள் மாடி ஏறாமல் நேரே கீழ்வீட்டுக்குள் வந்தாள். ஆண்கள் இருவரும் வெளியே போயிருந்தார்கள்.

"அக்கா, நீ தடவுவியே ஒரு தைலம். இருக்கா?"

"எதுக்கு?"

"காலு."

பெரியவள் அவளைக் கட்டிலில் உட்காரவைத்துப் புடவையை முட்டிவரை தூக்கிப் பார்த்தாள். கணுக்காலில் விரலை அழுத்தினால் குழி விழுந்தது. அது நிரம்ப நேரமானது. கெண்டைக்காலில், தோலுக்குக் கீழே, மெல்லிய நீல நரம்பு ஒன்று சுருண்டு தலைகாட்டியது. பெரியவளுக்கு அது நன்றாகத் தெரிந்த நரம்பு. அவளுக்கும் அதே இடத்தில்தான் ஆரம்பித்தது.

எட்டு வாரம். நாற்பது வயசு முட்டியைக் கெடுக்க எட்டே வாரம். உடம்பு வாகுமில்லை, கொடுப்பினையுமில்லை. தரைதான் அது.

தைலத்தை உள்ளங்கையில் ஊற்றித் தேய்க்க ஆரம்பித்தாள்.

"பேனா சார்கிட்ட நீதான் சொன்னேன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றாள் சின்னவள்.

பெரியவளின் கை நின்றது.

"நிறுத்தாதே, தேய்" என்றாள் சின்னவள். "அவர் சொல்லலை. நீ மூட்டையைப் போட்டுட்டுப் போகும்போது என் ஊசியைப் பாத்த பாரு ஒரு பார்வை. அப்பவே நினைச்சேன்."

"என்கிட்ட ஏன் கேக்கலை?"

"என்னன்னு கேக்க? நீ சொன்னது நிஜம்தானே. நூல் கோக்க முடியலைதானே." கொஞ்சம் நிறுத்தி, "அதுவும் இல்லாம, நாற்காலி உன்னுது. தையல் சொல்லிக் கொடுத்தது நீ. அன்னிக்கு நீ தும்மினப்ப எனக்குத் தெரியும், ஒரு நிமிஷம் பொறுத்தா நீயும் சொல்லுவேன்னு. பொறுக்கலை" என்றாள்.

பெரியவள் இன்னும் கொஞ்சம் தைலத்தை உள்ளங்கையில் ஊற்றினாள்.

"நீ நேரா வந்து, கொஞ்ச நாள் மாத்தி உக்காரலாம்னு கேட்டிருந்தா குடுத்திருப்பேன்னு நினைக்காதே. குடுத்திருக்க மாட்டேன். இருபத்தாறு வருஷமும், இவ இன்னிக்குக் கேட்டுடுவாளோ, நாளைக்குக் கேட்டுடுவாளோன்னு பயந்துகிட்டேதான் உக்காந்திருந்தேன். தினமும் உன்னை உக்காருன்னு கூப்பிடுவேன் பாரு, நீ உக்காரமாட்டேன்னு தெரிஞ்சுதான்."

இதைக் கேட்டபோது பெரியவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெளிவாகத் தெரியவில்லை. "அடுத்த காலை நீட்டு" என்றாள்.

மூன்று மாதம் முடிந்து டாக்டர் வந்தார். இருவரும் வரிசையில் இருந்தார்கள். பெரியவள் முதலில் உள்ளே போனாள். குந்தினாள், எழுந்தாள். மேசையைத் தொடவில்லை. டாக்டர் பழைய தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு மறுபடி குந்தச் சொன்னார்.

"நல்லா இருக்கே. என்ன மருந்து சாப்பிட்டீங்க?"

ஏதோ ஒரு மாத்திரை என்று சொல்லியிருந்தால் கையெழுத்து விழுந்திருக்கும். நாற்காலி அறுபத்திரண்டு வரை அவளுடையது. வெளியே சின்னவள் சுவரில் சாய்ந்து, ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றுகொண்டிருந்தாள். உள்ளே வந்ததும் டாக்டர் அவளைக் குந்தச் சொல்வார். அவளால் எழ முடியாது. காலை ஏழரைக்கு வாசலில் நின்று பார்ப்பவள் அவளாக இருப்பாள். அந்தக் காட்சியைப் பெரியவள் எத்தனையோ தடவை மனசில் ஓட்டிப் பார்த்து ரசித்திருக்கிறாள். இப்போது ஓட்டிப் பார்த்தபோது, பையை மாட்டிக்கொண்டு தனியாகத் தெருவில் நடக்கிற தன் முதுகுதான் தெரிந்தது. அது அவளுக்குப் பிடிக்கவில்லை.

"மருந்து ஒண்ணுமில்லை டாக்டர். உக்காந்தேன். அவ்வளவுதான்."

"புரியலை."

"வெளிய என் ஓரகத்தி நிக்கிறா. மூணு மாசம் முன்ன அவளுக்கு நாப்பது வயசு முட்டின்னு சொன்னீங்க. அவளை என் இடத்துலயும் என்னை அவ இடத்துலயும் மாத்தினாங்க. அவளை இப்பப் பாருங்க. பாத்துட்டு அவளுக்கு வயசாயிடுச்சுன்னு எழுதிடாதீங்க. எங்க ரெண்டு பேர் முட்டியையும் பாத்தது போதும். கீழ வந்து அந்தத் தரையைப் பாருங்க."

இவ்வளவு நீளமாக அவள் யாரிடமும் பேசியதில்லை.

டாக்டர் சின்னவளைப் பரிசோதித்தார். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு கீழே வந்தார். வந்ததோடு நிற்கவில்லை. மடிக்கிற பக்கம் ஒரு பெண்ணை நகரச் சொல்லிவிட்டுத் தானே நின்று விரிப்பு பிடித்தார். நாற்பது நிமிஷம். நடுவில் செருப்பைக் கழற்றினார், பிறகு தரை ஈரம் தாங்காமல் மறுபடி போட்டுக்கொண்டார். போகும்போது படியில் கைப்பிடியைப் பிடித்து ஏறினார் என்று உயரமான பெண் பல நாள் சொல்லிச் சிரித்தாள்.

தரையையும் நிற்கிற நேரத்தையும் மாற்றச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்ததை மேனேஜர் இரண்டு மாதம் மேசைக்குள் வைத்திருந்தார். கடைசியில் அவர் அதை வெளியே எடுத்தது நல்ல மனசு வந்து அல்ல. அந்த வருஷம் உருளை அறையில் ஐந்து பேர் ஐம்பத்தெட்டு முடிந்து நின்றுவிட்டார்கள். புதிதாக எடுத்த மூன்று பேரில் ஒருத்திகூட மாதம் தாண்டவில்லை. ஒரு உருளை ஆளில்லாமல் நின்றது. அதன் பிறகுதான் தரையில் கனமான ரப்பர் விரிப்பு வந்தது. கொடுக்கிற பக்கத்துக்கு உயரமான முக்காலிகள் வந்தன. கை எட்டாது என்றார்களே, எட்டியது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆட்களை மாற்ற வேண்டும், தையல் தெரிந்தவர்கள் தையல் அறைக்கும் உருளைக்குமாக மாறி மாறிப் போக வேண்டும் என்று எழுதி ஒட்டினார்கள். இரண்டு ஓரகத்திகளுக்கும் கையெழுத்து கிடைத்தது.

எல்லாருக்கும் இது பிடித்துவிடவில்லை. பட்டன்காரி பெரியவளோடு பேசுவதையே விட்டாள். "இவ வாயைத் திறக்கலைன்னா நான் நிம்மதியா உக்காந்திருப்பேன்" என்று எல்லாரிடமும் சொன்னாள். அவள் சொன்னதும் சரிதான். அவளுக்கு அது நஷ்டம்தான்.

பெரியவளுக்கும் நாற்காலி பாதி நாள்தான். இரண்டு மணி நேரம் கழித்து வந்து உட்காரும்போது மெத்தையில் வேறொருத்தியின் சூடு இருக்கும். அது சின்னவளின் சூடு என்றால் போனால் போகிறது என்று விட்டுவிடுவாள். வேறு யாராவது என்றால் ஒருமுறை மெத்தையைத் திருப்பிப் போட்டுவிட்டுத்தான் உட்காருவாள்.

சின்னவளின் வீக்கம் இறங்கிவிட்டது. ஆனால் அந்த நரம்பு போகவில்லை. பெரியவளின் முட்டி தாக்குப்பிடித்தது. தோள்தான் ஏமாற்றிவிட்டது. தரையை மாற்றினார்கள், முக்காலி போட்டார்கள். இருபத்தாறு வருஷம் தலைக்குமேல் தூக்கி உதறிய கைக்கு அதெல்லாம் பிந்தி வந்த உபகாரம். அறுபத்தொரு வயசில் வலது கை காதுக்கு மேல் எழவில்லை. டாக்டர் சொல்லும் முன்னால் அவளே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். கம்பெனியில் ஒரு பிளாஸ்க் பரிசாகக் கொடுத்தார்கள். உயரமான பெண் ஒரு பெட்டி இனிப்பு வாங்கி வந்தாள். பெரியவள் அதைப் பிரிக்காமல் வீடுவரை கொண்டுவந்து, புருஷனுக்குக் காட்டிய பிறகுதான் பிரித்தாள்.

அதன் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் சின்னவள் தனியாக வேலைக்குப் போனாள். காலை ஏழரைக்கு, "வர்றேங்க்கா" என்பாள். பெரியவள் உள்ளேயிருந்தே "ம்" என்பாள். வாசலுக்கு வரமாட்டாள். வரக்கூடாது என்று வைராக்கியம். சாயங்காலம் மட்டும் டீயைக் கலந்து வைத்துக்கொண்டு, யார் வந்தார்கள், யார் போனார்கள், பட்டன்காரி இன்னும் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாளா என்று ஒன்று விடாமல் கேட்பாள். கேட்டுவிட்டு, "நான் இருந்தப்ப இப்படியெல்லாம் நடக்காது" என்பாள்.

அறுபத்திரண்டு முடிந்து சின்னவளும் வேலையை விட்டு வந்த அன்று அவளுக்கு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். கண்ணாடி போட்டது, தங்க நிற முள். பெரியவள் அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள். திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். எடையையும் பார்த்தாள்.

"எனக்கு பிளாஸ்க்குதான் குடுத்தாங்க" என்றாள்.

"உனக்கு வேணும்னா எடுத்துக்கோக்கா. கீழயே மாட்டிடலாம்."

பெரியவள் தன் வீட்டுக் கடிகாரத்தை ஒருமுறையும் அதை ஒருமுறையும் நிதானமாகப் பார்த்தாள்.

"வேண்டாம்" என்று திருப்பிக் கொடுத்தாள். "ரெண்டு நிமிஷம் பின்னாடி ஓடுது."

சின்னவள் அதை மாடியில் மாட்டினாள். அது சரியான நேரம்தான் காட்டியது. கீழ்வீட்டுக் கடிகாரம்தான் இரண்டு நிமிஷம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. பெரியவளுக்கு அது தெரியும். அதைத் திருத்தி வைக்க அவளுக்கு ஒரு மாதம் பிடித்தது.